பாய்க்கு அடியில்

“எழுந்திரு இயனேட்டா. அவங்க தட்டியை ஏத்தப் போறதில்ல.”

அண்ணன் தோமாசியின் குரல் கம்மியிருந்தது. குடும்பத்தில் ஒருவர் செய்த குற்றத்துக்குக் குடும்பத் தலைவனும் மண்டியிட வேண்டும் என்பதால், அவனும் தங்கைக்குப் பின்னால் ஈரப் புல்லில்தான் இருந்தான்.

இயனேட்டா அசையவில்லை. விடியும் முன்பே வந்து, குடும்பத்தின் மதிப்புமிக்க சன்னப் பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு, தனியே வாழும் தெலேசியா அத்தையின் வீட்டு முன்னால் மண்டியிட்டவள். ஊர் வழக்கப்படி, அத்தை வந்து பாயை விலக்கினால் மன்னித்துவிட்டாள் என்று பொருள். விலக்காவிட்டால் இல்லை.

சமோவாவின் மரபு வீடுகள் போல அதுவும் சுவரில்லாத வீடு. மகள் லாங்கி இறந்ததிலிருந்து புயல் மழையிலும் தெலேசியா ஓலைத் தட்டிகளை இறக்கியதில்லை. இப்போது நாலு பக்கமும் இறங்கிக் கிடந்தன.

எல்லாம் இயனேட்டா எழுதிய நாவலால் வந்தது. சிப்பி பொறுக்கப் போன லாங்கியைக் கடல் கொண்டுபோனதாகத்தான் ஊர் நம்பியிருந்தது. மணமாகாமல் வயிற்றில் பிள்ளையோடு நின்றவள், தானேதான் கடலில் இறங்கினாள் என்பது உயிர்த்தோழி இயனேட்டாவுக்குத் தெரியும். அதைத்தான் பெயரை மாற்றி எழுதினாள். அந்த மாற்றம் லாங்கியை ஊரிடமிருந்து மறைக்கவில்லை.

நாவலில் அந்தப் பெண்ணின் தாய் மகளை மடியில் போட்டுத் தேற்றுவாள். மகள் காணாமல் போனதும் விளக்கோடு கரையெல்லாம் தேடி அலைவாள். அப்படியொரு தாயைப் படைத்ததற்காகவே நாவலுக்கு உலகப் பரிசு தருகிறோம் என்றார்கள் வெளிநாட்டு நடுவர்கள். வானொலி அதைச் சமோவ மொழியில் சொன்ன அன்றுதான் தட்டிகள் இறங்கின. தெலேசியா ஜெபத்துக்கும் வருவதில்லை.

தண்ணீர் கொண்டுபோன ஒருத்தி நின்றாள். “பரிசு வாங்கின தலையாச்சே! செத்தவளை ஊரெல்லாம் வித்துட்டு, இப்ப முக்காடு போட்டா சரியாப்போச்சா?”

திட்டிவிட்டுப் போனவளே ஓர் இளநீரைச் சீவிக்கொண்டு வந்து பாய்க்கு அடியில் நீட்டினாள். சிலருடைய கையை வாயைவிட நல்லதாகக் கடவுள் படைத்திருக்கிறார்.

இயனேட்டா அதை வாங்கிப் புல்லில் வைத்தாள். பரிசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எழுதியதை எப்படித் திருப்புவது? அத்தை வந்து அடித்தாலாவது போதும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டாள்.

உச்சி வெயிலுக்குள் ஊரே வந்து கூடிவிட்டது. அப்போது தட்டி உயரும் சத்தம் கேட்டது. வெறுங்கால்கள் புல்லில் நடந்து வந்து நின்றன. தோமாசி விம்மினான். இயனேட்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

பாய் விலகவில்லை. அதன் ஓரம் மட்டும் உயர்ந்தது. தெலேசியா குனிந்து உள்ளே நுழைந்து, இயனேட்டாவின் பக்கத்தில் மண்டியிட்டு, பாயைத் தன் தலைக்கும் இழுத்துக்கொண்டாள்.

“அத்தை, நீங்க எதுக்கு...”

“நீ எழுதின அம்மா நான் இல்லடி,” என்றாள் தெலேசியா, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். “லாங்கி போன அன்னைக்கு ராத்திரி, மழையில நனைஞ்சுக்கிட்டு, தட்டியை ஏத்தும்மான்னு கெஞ்சினா. நான்தான் ஏத்தலை.”

வெளியே ஊரே காத்து நின்றது. பாயை விலக்க வேண்டிய ஒரே ஆள் பாய்க்கு அடியில் இருந்தாள்.