விரிசலின் அளவு

மலைச்சரிவில் விழும் விரிசல்களை அளப்பதுதான் அவளுக்கு வேலை. அன்று அவள் அளந்தது, சொந்த அக்கா வீட்டுக்கு மேலே நின்ற பாறையை. இரண்டு நாள் மழையில் பாறைக்கும் மலைக்கும் நடுவே விரிசல் விட்டிருந்தது. காலை எட்டு மணிக்கு நாற்பது மில்லிமீட்டர். ஒன்பதுக்கு ஐம்பத்திரண்டு. அக்கம்பக்கத்தார் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அக்கா மட்டும் இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தாள். ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் வர இன்னும் ஒரு மணி நேரமாகும் என்றார்கள்.

"அது ஒண்ணும் பண்ணாதுடி," என்றாள் அக்கா. "பதினஞ்சு வருஷமா அதுகிட்ட பேசிக்கிட்டேதானே துணி காயப்போடுறேன்."

பத்து மணிக்குத் தங்கை மறுபடி ஏறி அளந்தாள். முப்பத்தொன்று. ஸ்கேலைத் துடைத்துவிட்டு மூன்று முறை பார்த்தாள். முப்பத்தொன்றுதான். சரியத் தொடங்கிய பாறை திரும்பி மலையோடு ஒட்டாது. இருந்தாலும் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள்.

ஆட்கள் வந்தார்கள். நான்கு பேராக அக்காவைத் தூக்கிக்கொண்டு சாலை வளைவைத் தாண்டினார்கள். தங்கை கடைசியாக ஓடிவந்து சேர்ந்தாள்.

"அவ்வளவுதான், எல்லாரும் வந்தாச்சு," என்று பெருமூச்சு விட்டாள்.

அப்போதுதான் பாறை இறங்கியது. சமையலறை, படுக்கையறை, எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் வாரிக்கொண்டு போயிற்று.

தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள். சத்தம் முழுக்க அடங்கியதும் அக்கா மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"பாவம்," என்றாள். "இத்தனை நேரம் தாங்கிப் பிடிச்சு நிக்க எவ்வளவு வலிச்சிருக்கும் அதுக்கு."