மாப்பிள்ளை மாற்றிய ஆயில்

"சாவி இன்னிக்குக் கிடையாதும்மா. ரெண்டு பேரும் பஸ்ல போயிட்டு வந்துடுங்க."

அப்பா பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி எட்டே நாள். கணவரின் பெரியம்மா வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பாவின் காரில் வருவதாக இவள்தான் பீற்றிக்கொண்டிருந்தாள்.

"காலையிலதானேப்பா உங்க மாப்பிள்ளை அதுக்கு ஆயில் மாத்தினார்?"

மாற்றியதென்னவோ உண்மை. மாமனாரிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசையில், அதுவரை எந்த வண்டிக்கு அடியிலும் தலையை நீட்டாத மனுஷர், புத்தகத்தில் படம் பார்த்துக்கொண்டே காருக்கு அடியில் புகுந்துவிட்டார். ஆயில் வடிக்கிற திருகாணியைத் தேடவே முக்கால் மணி நேரம். பழையதைப் பேசினில் வடித்து, புதியதை ஊற்றிவிட்டு, முகமெல்லாம் கரியோடு எழுந்து வந்தார்.

"பாருங்க மாமா, பழைய ஆயிலே தேன் மாதிரி இருக்கு. வண்டியை என்னமா வெச்சிருக்கீங்க."

அப்பா பேசினில் விரலைத் தோய்த்து மோந்து பார்த்தார். குனிந்து காருக்கு அடியில் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "பிரமாதம் மாப்பிள்ளை" என்றார்.

அந்த மாப்பிள்ளைக்குத்தான் இப்போது சாவி இல்லையாம்.

"எனக்கு முதுகு வலி, ஓட்ட முடியாது."

"நீங்க எதுக்கு ஓட்டணும்? இவர் ஓட்டுவார்."

"என் வண்டியை அடுத்தவங்க கையில தர்ற பழக்கம் எனக்குக் கிடையாதும்மா."

பக்கத்தில் நின்ற கணவர் காதில் விழாத மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டார். அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் வயிறு எரிந்தது.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. பட்டுப்புடவை கசங்கி, வேர்த்து விறுவிறுத்துப் போய் இறங்கினார்கள். பெரியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"கார்ல வர்றதா சொன்னீங்களே? தேய்ஞ்சு போயிடும்னு உங்கப்பா பூட்டி வெச்சுட்டாரா?"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலை அப்பாவே காரை எடுத்து அவர்களை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார்.

"மாப்பிள்ளை கை பட்டதும் வண்டி வெண்ணெய் மாதிரி போகுது, பார்த்தியா?"

செய்வதையும் செய்துவிட்டுக் கிண்டல் வேறு. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் அவள் அந்தக் காரில் ஏறவில்லை. பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்தபோதும் வாடகை வண்டியில்தான் வந்தாள். அப்பா ஸ்டேஷனுக்கு வெளியே காரோடு காத்திருந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள்.

அந்த அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது. அம்மா இவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கூடவே காரும் வந்தது.

"வித்துடலாம்" என்றாள் அவள்.

"இரு. ஒரு தடவை ஒழுங்கா ஆயில் மாத்தி ஓட்டிப் பார்க்கறேன்" என்றார் கணவர். அந்த வேலையை அவர் அன்றைக்குச் செய்ததோடு சரி. இப்போது செல்போனில் வீடியோ பார்த்து, ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிவைத்துக்கொண்டுதான் இறங்கினார்.

அவள் காருக்குள் பேப்பர் விரிக்கப் போனாள். ஓட்டுகிற சீட் அப்பா உட்கார்ந்த அளவுக்குக் குழிந்திருந்தது. கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டு நின்றாள். கோபம் இருந்த இடத்தில் அழுகை வந்தது.

"அந்தப் பெரிய ஸ்பேனரைக் குடு" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "இங்க ரெண்டு திருகாணி இருக்கு. முன்னால இருக்கறது இன்ஜினுக்கு, பின்னால இருக்கறது கியர் பாக்ஸுக்காம்."

முன்னால் இருந்த திருகாணியைக் கழற்றினார். பேசினில் கன்னங்கரேலென்று ஆயில் கொட்டியது.

"கருப்பா இருக்கே" என்றார் கணவர்.

"பழைய ஆயில் கருப்பாத்தானே இருக்கும்?"

"அன்னிக்குத் தேன் மாதிரி வந்துதே."

மெதுவாக வெளியே நகர்ந்து வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் அன்னிக்குக் கழட்டினது பின்னால இருக்கறதை. கியர் பாக்ஸைக் காலி பண்ணிட்டு, நிறைஞ்சிருந்த இன்ஜின்ல மேல மேல ஊத்தியிருக்கேன். அப்படியே எடுத்திருந்தோம்னா பாதி வழியில கியர் பாக்ஸ் நொறுங்கியிருக்கும். பெரியம்மா வீட்டு ஆளுங்கதான் வந்து தள்ளியிருக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ எங்கப்பாவோட கஞ்சத்தனம்தான் உங்க மானத்தைக் காப்பாத்தியிருக்கு."

கணவர் சிரிக்கவில்லை.

"மறுநாள் ஸ்டேஷனுக்கு அதே வண்டியிலதானே போனோம்?"

வாசற்படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தினாள்.

"முதல் நாள் நீங்க பஸ்ஸுக்குக் கிளம்பித் தெருமுனை தாண்டறதுக்குள்ள உங்கப்பா சைக்கிளை எடுத்துக்கிட்டு கியர் ஆயில் வாங்கப் போயிட்டார். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் வண்டிக்கு அடியிலதான். முதுகு வலி அதுக்கப்புறம்தான் வந்துது."



"எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லச் சொன்னேன். எட்டாம் நாளே மாப்பிள்ளை நாலு பேர் முன்னால தலைகுனியக் கூடாதுன்னுட்டார். பொண்ணு உங்களைக் கஞ்சன்னு நினைச்சுக்கிட்டுப் போறாளேன்னேன்."

அம்மா மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"'அவ என் பொண்ணு. என் மேல கோபம்னா நாலு நாள்ல மறந்துடுவா'ன்னார்."