மூடிய புட்டியில் தண்ணீர்

லித்தியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் உப்பு. லித்தியம் கார்பனேட்டில் அமிலம் ஊற்றி, நுரை அடங்கியதும் வற்றவைத்து, உலர்த்தி, சூட்டோடு புட்டியில் அடைத்துவிட வேண்டும். அன்று ஆய்வகப் பொறுப்பாளரை அவள் மகள் போனில் அழைத்தாள். பேச்சு நீண்டது. பொறுப்பாளர் புட்டியை மூட மறந்தாள். உப்பு முழுவதும் தண்ணீராகிவிட்டது.

“யார் மூடல?” என்று மேலாளர் கேட்டபோது அவள் தரையைப் பார்த்தாள். கண்ணாடிக் கலங்களைக் கழுவும் அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள்.

“நான்தான் சார். கழுவுற அவசரத்துல திறந்து வச்சிட்டேன்.”

அன்றே அக்காவின் வேலை போயிற்று. இரவு பொறுப்பாளர் பிரார்த்தனையைப் பாதியில் விட்டு எழுந்தாள்.

மறுநாள் செய்த உப்பை அவளே இறுக மூடி மெழுகு வைத்தாள். காலையில் அதில் தண்ணீர் நின்றது.

“மேடம், உங்க உப்புக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கு” என்று பக்கத்து மேசைக்காரன் சிரித்தான்.

ஒரு சொட்டைச் சுடரில் காட்டினாள். லித்தியம் செக்கச்செவேலென்று எரியும். இது கண்ணீரில் இருக்கும் சாதாரண உப்பைப்போல மஞ்சளாக எரிந்தது.

அவள் புது உப்பை அடைத்து மெழுகு வைத்தாள். பிறகு மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னாள். மாலையில் அக்கா திரும்பி வந்தாள்.

“அக்கா, என்னை மன்னிச்சிடுங்க.”

“விடுங்க மேடம். பிள்ளை கூப்பிட்டா யாருக்குத்தான் மத்தது ஞாபகம் இருக்கும்? முதல்ல கண்ணைத் துடைங்க.”

துடைத்தாள். கை உலர்ந்தே இருந்தது. அலமாரியில், மெழுகு உடையாத புதுப் புட்டியில், தண்ணீர் கழுத்துவரை ஏறியிருந்தது.