குழப்பாதேங்கோ

மயூரதன் வருவதைக் கண்டதும் சலூன்காரத் தில்லைநாதன் சவரக்கத்தியை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

"பிளேட் முடிஞ்சுது மாஸ்டர். தலைமயிரை மட்டும் கத்தரிச்சுவிடுறன், காணுமோ?"

குரலில் ஒரு குழைவு. கத்தரித்து முடிக்கும்வரை மனிதர் வேறொரு சொல் பேசவில்லை. வழக்கமாக வாய் மூடாதவர்.

பண்டத்தரிப்புச் சந்தையிலும் அதே கதைதான். பேரத்துக்கு மசியாத நல்லம்மா, அவன் கேட்ட விலைக்கே கத்தரிக்காயைத் தூக்கிக் கொடுத்தாள்.

"ஒண்டுக்கும் யோசியாதை ராசா. பாத்துப் போ."

சைக்கிள் மிதிக்கும்போது மயூரதன் நடந்ததை எண்ணிப் பார்த்தான். அவன் எழுதிக்கொண்டிருந்த நாவலில் அச்சொட்டாக இதுதான் வருகிறது. ஊரே தன்னை ஒருமாதிரிப் பார்க்கிறது என்று நம்பி, கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி பேதலிக்கும் ஒருவனின் கதை. அதை எழுதி முடிக்கத்தான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தான்.

எழுதி எழுதி அந்த ஆளாகவே மாறிவிட்டோமோ?

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டான்.

"சுவர்ணா, உண்மையைச் சொல்லும். என்னிலை ஏதும் வித்தியாசம் தெரியுதோ?"

அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"உங்களுக்கு ஒண்டுமில்லை. போய் எழுதுங்கோ, தேத்தண்ணி கொண்டுவாறன்."

அந்தப் பயத்தையே பிடித்துக்கொண்டு எழுதினான். நாவல் குதிரை மாதிரி ஓடியது.

பின்னேரம் கடைசி அத்தியாயத்தில் இருந்தபோது வாசல் கேற்றடியில் பேச்சுக் கேட்டது. வாசிகசாலைத் தலைவர் பொன்னம்பலம்.

"மாஸ்டருக்கு இப்ப எப்பிடிப் பிள்ளை?"

"அப்பிடியேதான் அண்ணை." சுவர்ணாவின் குரல் தழுதழுத்தது. "அறைக்குள்ளை தன்பாட்டிலை கதைக்கிறார். நேற்று, மாமியைக் கிணத்துக்குள்ளை தள்ளியாச்சு எண்டு சொல்லிக் கைதட்டிச் சிரிக்கிறார்."

"ஐயோ, உன்ரை அம்மா?"

"நல்லகாலம், அவ கனடாவிலை."

"சரி சரி, அவரை ஒருத்தரும் கரைச்சல் படுத்தாமல் நான் பாக்கிறன்." பொன்னம்பலம் அடியெடுத்து வைப்பதுகூடக் கேட்காமல் போய்விட்டார்.

ஊர் அப்படிப் பார்த்தது சுவர்ணாவின் பேச்சால்தான், தனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மயூரதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது.

"ஊருக்கெல்லாம் என்னை விசரன், புத்தி பேதலிச்சவன் எண்டு சொன்னது நீர்தானோ?"

"நான் அந்தச் சொல்லே சொல்லேல்லை. நடந்ததைத்தான் சொன்னனான். மாமியைத் தள்ளினது நீங்கள்தானே?"

"அது நாவலிலை!"

"நாவலிலையோ எண்டு அவை கேக்கேல்லை."

சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. ஆனாலும் விடவில்லை.

"பகிடி இல்லை சுவர்ணா. எனக்கே என்னிலை சந்தேகம் வந்திட்டுது. உள்ளுக்கை நடுங்கிப்போனன்."

அவள் முகம் மாறியது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்கள் பயப்பிடுவியள் எண்டு நான் நினைக்கேல்லை. அது என்ரை பிழைதான். ஆனால் எத்தினை வருசமா உந்த நாவலோடை மாரடிக்கிறியள்? கலியாண வாழ்த்து எழுத, கூட்டத்திலை பேச, கட்டுரை திருத்த எண்டு வாற ஆக்களிட்டை கேற்றடியிலை நிண்டு கெஞ்சிப் பாத்தன். 'அவர் எழுதுறார், குழப்பாதேங்கோ' எண்டு சொன்னால், 'எழுத்துத்தானே!' எண்டுபோட்டு உள்ளை வந்து உங்களை எழுப்பிக்கொண்டு போனவை. விசர் எண்டு நினைச்ச பிறகுதான் உங்களை இருந்து எழுத விடுகினம்!"