செத்துப்போன கீபோர்டு

“உடைச்சுடாதேடா, ஆபீஸ் சொத்து!” என்றபடி வந்தாள் டெஸ்டர் அக்கா.

கீபோர்டை ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தவன் நிமிரவே இல்லை. “மாத்தின கீபோர்டும் செத்துப்போச்சுக்கா. ஒரு எழுத்துகூட விழமாட்டேங்குது.”

“மேனேஜர் வர்ற நேரமாச்சே!”

அவன் புது ஃப்ரேம்வொர்க்கை வைத்து ஒரு கோட் பிரவுசர் கட்டிக்கொண்டிருந்தான். இடப்பக்கம் ஃபைல் பெயரை அழுத்தினால், வலப்பக்கம் அதன் நிரல் தெரிய வேண்டும். காலையிலிருந்து வலப்பக்கம் காலி. இன்றைக்குள் தெரியாவிட்டால் வேலை வேறு டீமுக்குப் போய்விடும். சற்றுமுன் நிரல் எழுதும் எடிட்டரில் ஒரு வரியைத் திருத்தி ஓடவிட்டான். அடுத்த ஃபைலைத் திறந்து இன்னொரு வரியைத் திருத்தப் போனபோதுதான் இந்தக் கூத்து.

அக்கா குனிந்து, சாட் பெட்டியில் ‘சாப்டியா?’ என்று தட்டினாள். ஜோராக விழுந்தது.

“இங்கே எழுதுது. அங்கே மட்டும் ஏன் எழுதலை?”

“அதான்க்கா மண்டை காயுது! பேய் கீய் பிடிச்சிருக்கா?”

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். சிரிப்பு பீறிட்டது.

“இந்த ஃபைலை எப்படித் திறந்தே?”

“இடப்பக்கம் பேரை அழுத்தினேன். வலப்பக்கம் வந்துச்சு.”

“எழுதாதுடா மடையா. படிக்கிறதுக்கு மட்டும்தானே அதைச் செஞ்சே? இவ்வளவு நேரமா நீ தட்டிக்கிட்டிருக்கிறது எடிட்டர்ல இல்லை... நீ கட்டின பிரவுசர்ல!”