விருந்துக்கு வந்த பனி

ரொறன்ரோ ஆய்வுகூடத்தில் மாலை விருந்து. ஆர்க்டிக்கில் தோண்டியெடுத்த பனிதான் வேண்டுமென்று பேராசிரியர் கேட்டபடியே, துண்டுகள் விஸ்கிக் கிளாஸ்களில் விழுந்து, ஜன்னல் வெயிலில் சடசடவென்று வெடிக்கின்றன. "பனிக்குள் அடைபட்ட பத்தாயிரம் வருடத்துக் காற்று பேசுகிறது!" என்று அவர் இடுப்புப் பேஜரை அமத்திவிட்டுக் கண்ணை மூடுகிறார். கழுத்தில் ரை கட்டிய பெரிய மனிதர்கள் கிளாஸைக் காதில் வைத்து, வேதம் கேட்பவர்கள்போலத் தலையாட்டுகிறார்கள். இன்னும் ஆராய்ந்து முடிக்காத பனியைக் குடிக்கக் கேட்க இந்த மனிதருக்கு எப்படி வாய் வந்தது என்று பொருமிக்கொண்டு, குளிரறையில் பனி அறுக்கும் அருளப்பு, அறைச் சாவியைக் காற்சட்டைப் பைக்குள் இறுக்கிப் பிடித்தபடி சுவரோரம் நிற்கிறார். மேசை துடைக்கும் யசோ கிட்ட வந்து கேட்கிறாள்: "அண்ணை, உது உண்மையிலேயே அவ்வளவு பழசோ?"

"ஓமோம், சரியான பழசு. நேற்றுப் பின்னேரம் நான்தான் பைப்பில தண்ணி பிடிச்சு உறைய வைச்சனான்."