கைச்செலவுக்கு ஐம்பது டாலர்

"எங்கம்மாவோட ஐம்பது டாலர் மாசாமாசம் எங்கே போகுது? மரியாதையா சொல்லிடு!"

முதியோர் இல்லத்தின் தாழ்வாரத்திலேயே டோரீன் அந்தப் பணிப்பெண்ணை மறித்துக்கொண்டாள். கெசியா அழுக்குத் துணிக் கூடையோடு அப்படியே நின்றாள்.

"மிஸ் வில்மாவையே கேட்டுக்குங்க மேடம்."

"அவங்களை எதுக்கு இழுக்கிற? ஆபீஸ்ல வாங்கின கையோட உங்கிட்ட குடுக்குறாங்கன்னு பக்கத்துக் கட்டில் எட்னா சொல்றாங்க. ஏழு மாசம்! அம்மா தலைமுடி வெட்டிக்கல. ஒரு மிட்டாய் வாங்கித் தின்னல. கால்ல கிடக்கிற செருப்பைப் பாரு, வாயைப் பொளந்துக்கிட்டு!"

கெசியா கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள் இப்படித்தான் நிற்பாள் என்று டோரீனுக்குத் தோன்றியது.

நேரே மேலாளரிடம் போயிருப்பாள். ஆனால் அங்கேதான் சிக்கல். விசாரணை என்று வந்தால் அம்மாவின் கோப்பை விரிப்பார்கள். விரித்தால் குட்டு உடையும்.

வில்மா முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வெந்தவள். உருக்காலை மூடியபோது ஊரே அரசாங்கம் கொடுத்த இலவசப் பாலாடைக்கட்டிக்கு வரிசையில் நின்றது. "அடுத்தவன் குடுத்து என் அடுப்பு எரிய வேண்டாம்" என்று அவள் மட்டும் வாசல் தாண்டவில்லை.

இந்த இல்லத்துக்கு மாதம் ஒன்பதாயிரம் டாலர். வில்மாவின் சேமிப்பு பதினான்கே மாதத்தில் கரைந்துபோனது. டோரீனோ மளிகைக் கடைக் கல்லாவில் நிற்பவள். இரண்டு வாரம் தூங்காமல் யோசித்துவிட்டு, அம்மா கையில் இனி ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுத்தாள். மெடிகெய்ட் என்ற அரசு உதவி வந்தது; இல்லத்துக்கான கட்டணத்தை அதுவே ஏற்றுக்கொண்டது. அம்மாவின் ஓய்வூதியம் முழுவதும் இல்லத்துக்கே போய்விடும். அதில் கைச்செலவுக்கென்று மாதம் ஐம்பது டாலர் மட்டும் அவளுக்கு விடுவார்கள்.

அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது?

"என்னை சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்கம்மா. இனிமே நான்தான் கட்டப்போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து வில்மாவைப் பிடிக்க முடியவில்லை. "யார் கட்டுறா தெரியுமா? என் மக! ஒரு நாள் பாக்கி வச்சதில்ல" என்று சாப்பாட்டுக் கூடத்தில் மேசை மேசையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் டோரீன் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துவிடுவாள்.

"என்னடி சத்தம்? அங்கே சாப்பாட்டுக் கூடத்துல வெள்ளிக்கிழமை மீன் ஆறிப்போகுது!"

சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வில்மாவே வந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்தப் பொண்ணு கண்ணு கலங்கி நிக்குது? அந்த ஐம்பது நான் குடுத்தது."

"உன்னை ஏமாத்துறாம்மா! இவளை இன்னிக்கே வேலையை விட்டு..."

"வாயை மூடு! உள்ள வா. ரெண்டு பேரும்தான்."

அறைக் கதவைச் சாத்தியதும் வில்மா தலையசைத்தாள். கெசியா அலமாரி இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் காகிதக் கட்டை எடுத்து டோரீனிடம் நீட்டினாள். தபால் ஆபீஸ் மணியார்டர் ரசீதுகள். ஐம்பது, ஐம்பது, ஐம்பது. எல்லாமே மெடிகெய்ட் கொடுக்கும் மாவட்ட நலத்துறை அலுவலகத்துக்கு. ஒவ்வொன்றிலும் ஒரே குறிப்பு: 'வில்மா நொவோட்னியின் சாப்பாட்டுக்காக.'

"இப்படியெல்லாம் வாங்க வழியில்லைன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்க மேடம்" என்றாள் கெசியா. "மிஸ் வில்மா விடல. திரும்ப அனுப்புன்னாங்க. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு பைபிள் மேல சத்தியம் வேற."

டோரீன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ... யார் கட்டுறாங்கன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"முதல் மாசமே தெரியும். இது என்ன ஐம்பது டாலர்னு ஆபீஸ்ல கேட்டேன். விலாவாரியா சொல்லிட்டாங்க. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடல. அப்புறம் யோசிச்சேன். முப்பத்தொரு வருஷம் வரி கட்டினவ நான். அதுல கொஞ்சம் திரும்பி வருது, பிச்சை இல்லை. ஆனாலும் மொத்தமும் சும்மா தின்ன மனசு ஒப்பல. என்னால முடிஞ்சது ஐம்பது." வில்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "முதல்ல இந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளு."

டோரீன் எழுந்து கெசியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா பேசிட்டேன். மன்னிச்சுக்கோ."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் மேடம். அடுத்த மாசம் தபால் ஆபீஸுக்கு நீங்க போங்க. என்னா வரிசை அங்கே!"

சிரித்துக்கொண்டே அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

டோரீனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எல்லாம் தெரிஞ்சுமா என் மக கட்டுறா, என் மக கட்டுறான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தே? எதுக்கும்மா?"

வில்மா மகளின் கலைந்த முடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டாள்.

"நான் கட்டப்போறேன்னு அன்னிக்குச் சொன்னியே, அப்போ ராணி மாதிரி நின்னேடி. பொறந்ததிலிருந்து எதுக்காவது பயந்துக்கிட்டே இருக்கிறவ நீ. எனக்குத் தெரியும்னு சொல்லி உன்னை மறுபடியும் குனிய வைக்கணுமா?"